விரலுக்கு எட்டும் தூரம்

மார்பகப் பரிசோதனையை எங்களுக்குச் சிலிகோன் மாதிரிகளில்தான் பழக்கினார்கள். உள்ளே வெவ்வேறு அளவில் கட்டிகள் புதைந்திருக்கும். அவசரமாகத் தடவினால் ஒன்றும் அகப்படாது. நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சிறு வட்டங்களாக அழுத்த வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் முதலில் மேலாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டும் வரை. காறை எலும்பிலிருந்து மார்பகத்தின் கீழ் மடிப்பு வரை வரிசை விடாமல் போய், அக்குளையும் பார்த்துத்தான் கையை எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், கைகளை உயர்த்தச் சொல்லித் தோல் எங்காவது குழிகிறதா, காம்பு உள்ளிழுத்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய ஒரு பக்கத்துக்கே சில நிமிடம் ஆகும். வெளியே வரிசை நிற்கும்போது முதலில் அடிபடுவது அந்தச் சில நிமிடங்கள்தான்.

"மேமோகிராம் இருக்கும்போது கை எதற்கு?" என்று சக மருத்துவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், தெரியும் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் சில சமயம் புற்றுநோயின் முதல் அடையாளம்; அவை எந்த விரலுக்கும் தட்டுப்படாது. கைப்பரிசோதனை ஏறக்குறைய பாதிப் புற்றுநோய்களைத்தான் பிடிக்கிறது என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சராசரி ஆபத்துள்ள பெண்களுக்கு இதை 2015-லேயே கைவிட்டுவிட்டது. ஆனால் அது மேமோகிராம் எளிதில் கிடைக்கும் ஊரின் கணக்கு. கிடைக்காத இடத்துக்கு மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வைத்தான் பார்க்க வேண்டும். சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள், இரண்டு குழுக்களாக. ஒரு குழுவை மட்டும் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. அந்தக் குழுவில் நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதைவிட இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை. எல்லா வயதையும் சேர்த்தால் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. என்னைக் கேட்டால், இதை மேமோகிராமோடு போட்டிக்கு நிறுத்துவதே தவறு. ஒன்றுமே இல்லாத இடத்தில் இது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

இளம் பெண்களிடம் கைக்குப் படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதற்காக விட்டுவிடவும் முடியாது. ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்சி (கட்டியிலிருந்து துளி திசு எடுத்துச் சோதிப்பது) வரை போக வேண்டும். கை சொல்வது சந்தேகத்தை மட்டுமே.

ஒன்றும் படாதபோதுதான் நான் அதிகம் பேசுகிறேன். "எனக்கு ஒன்னும் இல்லைதானே டாக்டர்?" என்று நிம்மதியாக எழுபவரிடம், "இன்னிக்கு என் கைக்கு எதுவும் படலைம்மா. நடுவுல ஏதாவது மாற்றம் தெரிஞ்சா அடுத்த பரிசோதனை வரட்டும்னு இருக்காதீங்க, உடனே வாங்க" என்பேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. சரி, பரவாயில்லை.

எரிச்சல் வருவது பரிந்துரைச் சீட்டுகளைப் பார்க்கும்போது. "மார்பகத்தில் கட்டி", அவ்வளவுதான் எழுதியிருக்கும். எந்தப் பக்கம், கடிகார முகப்பில் எத்தனை மணித் திசை, காம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், என்ன அளவு, நகர்கிறதா? இவ்வளவும் ஒரே வரியில் அடங்கும். அந்த வரி இல்லாவிட்டால் அடுத்துப் பார்ப்பவர் முதலிலிருந்து தேட வேண்டும்.