மழைக்காலத்தைத் தாண்டிய இச்சி

இந்தத் தென்மேற்குப் பருவமழையை என் இச்சி போன்சாய், சாடியில் குட்டையாக வளர்க்கும் மரம், இலை கொட்டாமல் தாண்டிவிட்டது. மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். துவைத்த துணியே காயாத அந்த நாட்களில் வீட்டுக்குள்ளே ஒரு ஃபைகஸ் (ஆல், அரசு, இச்சி எல்லாம் இந்த இனம்தான்) பச்சையாக நின்றதோடு, நுனிகளில் துளிரும் விட்டிருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாப் புகழும் மண்ணுக்குத்தான். உரம், கிளையை வளைக்கக் கம்பி கட்டுவது பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மலைநாட்டில் வீட்டுக்குள் போன்சாய் வைப்பவருக்கு வேருக்குக் காற்று கிடைத்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

தாழ்ந்த சாடியில் என்ன நடக்கிறது என்றால், எந்தச் சாடியிலும் ஊற்றிய நீர் முழுக்க வடியாது, அடியில் ஒரு மட்டம் வரை தங்கிவிடும். அந்த மட்டத்தின் உயரம் மண் துகளின் பருமனைப் பொறுத்தது. சாடியின் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நனைந்த ஸ்பொஞ்சைப் படுக்க வைத்து, சொட்டு நின்றதும் நிமிர்த்திப் பிடியுங்கள், மறுபடி நீர் கொட்டும். போன்சாய்ச் சாடி அந்தப் படுத்த ஸ்பொஞ்ச்தான். பொடி மண்ணாக இருந்தால் அடியிலிருந்து மேல் வரை ஈரம் நிற்கும், வேர் மூச்சுத் திணறி அழுகும். அடியில் கல் பரப்பினாலும் பிரயோசனம் இல்லை. ஈர மட்டம் கல்லுக்கு மேலே ஏறி நிற்கும், அவ்வளவுதான்.

ஆகவே துகளைப் பெரிதாக்க வேண்டும். போன்சாய்க்கென்றே சொல்லும் ஜப்பானிய அகடாமா மண்ணை இங்கே தேடி அலைவதில் அர்த்தமில்லை. நான் போட்ட கலவை: நாட்டுச் செங்கல் உடைசல் இரண்டு பங்கு, கருங்கல் சல்லி ஒரு பங்கு, தேங்காய் மட்டையை வெட்டிய துண்டு ஒரு பங்கு. எல்லாமே 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை. செங்கல் தன் உடம்புக்குள் நீரைப் பிடித்து வைக்கும், துண்டுகளின் இடைவெளியில் காற்று நிற்கும். சீமெந்து ஒட்டிய கல் வேண்டாம், சுண்ணாம்பு இறங்கும்.

சலிப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. மணல் சலிக்கும் வலையில் பெரியதைக் கழித்து, பிறகு 2 மில்லிமீட்டர் வலையில் தூளைக் கழித்து, மிச்சத்தைத் தெளிந்த நீர் வரும்வரை பீலியில் அலச வேண்டும். செங்கல் தூள் கொஞ்சம் தங்கினாலும் இடைவெளியை அடைத்துவிடும். பாதிக்குப் பாதி தூளாகப் போகும், மனம் தளரக்கூடாது. கடையொன்றில் 'போன்சாய் மண்' என்று பையில் கட்டி விற்றதை வாங்கிச் சலித்துப் பார்த்தேன், வலையில் தங்கியது ஒரு கைப்பிடி. அந்தக் காசுக்கு ஒரு வலையே வாங்கியிருக்கலாம், இப்போதும் ஆத்திரம் வருகிறது.

அடுத்தது குச்சி. மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து நீர் ஊற்றுவது மூடுபனி ஊரில் சரிப்படாது. மேலே எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். சீவாத, நிறமடிக்காத மூங்கில் குச்சியை அடிமரத்துக்கும் சாடி விளிம்புக்கும் நடுவே அடிவரை செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். உருவிப் பார்த்தால் ஈரம் ஏறிய இடம் கருத்திருக்கும். பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் நான் நீர் ஊற்றுகிறேன், அதுவும் அடித்துளை வழியே ஓடும்வரை. சும்மா கிடைக்கிறதே என்று ஈர்க்கை எடுக்காதீர்கள். அதன் தோல் வழுவழுப்பு, நீரை உறிஞ்சாது.

வெளிச்சத்துக்கு ஒரு வார்த்தை. தெற்கு யன்னலில் வை என்று சொல்வது குளிர் நாடுகளுக்குப் பொருந்தும். நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கில்தான் இருக்கிறோம். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும், தெற்கு யன்னலுக்கு நேர் வெயில் எட்டாது. வருஷம் முழுக்கக் கைகொடுப்பது கிழக்கு யன்னல். கண்ணாடியை ஒட்டி வைத்திருக்கிறேன், தை மாதத்து இரவுகளில் மட்டும் உள்ளே தள்ளி வைப்பேன். இன்னொரு நல்ல செய்தி, அடிமரத்தில் விழுது முளை எட்டிப் பார்க்கிறது. குளிர் நாட்டுக்காரர்கள் கண்ணாடிக் கூண்டு கட்டி வரவழைக்கும் ஈரக்காற்று நமக்கு மூடுபனியாகவே வருகிறது. பேராதனைப் பூங்காப் புல்வெளியில் படர்ந்து கிடக்கும் அந்தப் பெரிய ஃபைகஸ் பெஞ்சமினாவை மனதில் வைத்துத்தான் கிளைகளைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய ஆள், அதாவது செடிகளின் கிளை கழித்தவர். கிளை நறுக்கும்போது பக்கத்தில் நின்று, "வெட்டு சரிஞ்சிருக்கணும் தம்பி, தண்ணி நிக்கக் கூடாது" என்றார். கசிந்த பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்ததும் அவர்தான்.

அவர் பேச்சில்தான் அடுத்த ஆசை வந்தது: விதை போட்டு வளர்த்த பழைய தேயிலையின் அடிமரம். காலங்காலமாகக் கவ்வாத்துப் பட்டுப் பட்டு முடிச்சு விழுந்த அந்தக் கட்டைக்கு நிகராக எந்த நர்சரியிலும் ஒன்று கிடைக்காது. புதுக்கன்று நடுவதற்குப் பழைய தேயிலை மலையைப் பிடுங்கும்போது, மிலாறோடு (வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள்) சேர்த்து அடுப்புக்குப் போவதில் ஒன்றை எடுத்துத் தரும்படி கேட்டு வைத்திருக்கிறேன். வீ.பி. செடி, அதாவது விதையில்லாமல் தண்டை வெட்டி வளர்த்தது, வேண்டாம், அதற்கு ஆணிவேர் இல்லை, அடியும் அவ்வளவு பருக்காது. தேயிலையை வீட்டுக்குள் வைக்க முடியாது, வாசல் திண்ணைதான் சரி. மண்ணும் புளிப்பாக வேண்டும், அமில அளவு (pH) 4.5 முதல் 5.5 வரை. ஆகவே கலவையில் மட்டைத் துண்டைக் கூட்டிச் செங்கலைக் குறைக்கப் போகிறேன்.

இச்சியின் இடது கிளையில் கம்பி இன்னும் இருக்கிறது. துளிர் வேகத்தைப் பார்த்தால் சீக்கிரமே பட்டையில் பதியும், இந்த வாரம் அதைத் துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும்.