சேலைத் தலைப்பில் முடிந்த மண்

அம்மாவுக்கு, மன்னார்க் காட்டுக்குள் கோயில்கொண்ட மடு மாதாவிடம் ஒரு நேர்த்தி இருந்தது. 2008 இல் போரால் நாங்கள் இடம்பெயர வெளிக்கிட்டபோது, முந்திய திருவிழாவில் அள்ளி வந்த மடு மண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) பாம்பு அண்டாதிருக்க, இரவில் எங்கள் நெற்றியில் அதை ஒரு பொட்டாகத் தொட்டுவிடுவார். நாலு பிள்ளைகளும் தப்பினால் மிச்ச மண்ணை மாதாவின் காலடியிலேயே கொண்டுவந்து போடுவேன் என்பதுதான் நேர்த்தி. நாலு பேரும் தப்பினோம். அம்மாவுக்கு இப்போது நடக்க ஏலாது. இந்த ஆவணித் திருவிழாவுக்கு முடிச்சோடு நான் போனேன்.

மடுச்சந்தியில் ஓட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்டார். மாதாவைத் தேடி வருகிற சனத்திடமா இப்படி? சரி, கொடுத்துவிட்டு ஏறினேன். காடு முழுக்கக் கூடாரம், தண்ணீருக்கு வரிசை, கழிப்பறைக்கு அதைவிட நீள வரிசை. ஆனால் மரங்களுக்கு நடுவே கோயில் முகப்பு தெரிந்ததும் எல்லாம் மறந்துபோனது. ஆயர் பொஞ்சான் ஆண்டகை 1872 இல் கட்டத் தொடங்கிய கோயில். 1944 இல்தான் அபிஷேகம் நடந்தது. எழுபத்திரண்டு வருடம்! தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடிந்ததைக் கண்டிருப்பார்கள்?

பூசைக்குப் பிறகு பீடத்தை நெருங்க ஒரு மணித்தியாலம் ஆனது. முன்னால் நின்றவர்கள் கைபேசியை உயர்த்திப் பிடித்து மறைத்துக்கொண்டே இருந்தார்கள். கும்பிட வந்தவர்கள் அதைக் கீழே வைக்கக்கூடாதா?

பிறகு எப்படியோ ஒரு இடைவெளி. அந்தச் சின்னச் சொரூபம் நேரே தெரிந்தது. 1924 யூலை 2 இல் முடிசூட்டப்பட்ட மாதா. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670 இல், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் காட்டுக்குள் காவி வந்த மாதா. 2008 ஏப்ரலில், போரால் மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டி என்ற ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு, ஓகஸ்டில்தான் திரும்பி வந்தா. நாங்கள் மூட்டை காவித் திரிந்த அதே வருடம். தாயே, நீயும் எங்களோடுதான் இடம்பெயர்ந்தாயா? கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அருள்மரிச் செபம்கூட ஒழுங்காக வாயில் வரவில்லை. நாலு உயிர், தாயே, நாலு உயிர் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். பின்னால் தள்ளிய வயோதிப அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளுவதை விட்டார்.

வெளியே வந்து படியோரம் முடிச்சை அவிழ்த்து மண்ணை மண்ணோடு சேர்த்தேன். அம்மாவுக்கு அழைப்பெடுத்தேன்.

"போட்டிட்டியோ?"

"ஓம் அம்மா, முழுக்கப் போட்டிட்டன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வரேக்க ஒரு பிடி புதுசா அள்ளிக்கொண்டு வா. பேரப்பிள்ளையளுக்கு வேணும்."