கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?

பக்கவாதம் என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவசர சிகிச்சைப் பிரிவில் பெயரையும் வயதையும் கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

கூட வந்தவர்களுக்கு அது புரியாது. "நல்லாத்தான் இருந்தாரு சிஸ்டர், திடீர்னு விழுந்துட்டாரு" என்பார்கள். நாங்கள் விடமாட்டோம். சாப்பிடும்போது பேசினாரா, டீவியில் அப்போது என்ன ஓடியது, பாத்ரூமுக்குத் தானாக எழுந்து போனாரா என்று துருவித் துருவிக் கேட்போம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நாலரை மணி நேரம், ஆள் விழுந்து கிடந்ததைப் பார்த்ததிலிருந்து தொடங்காது. கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நிமிடத்திலிருந்தே தொடங்கிவிடும்.

2018 அக்டோபரில் ஒரு காலை, இந்தக் கேள்வியை நான் என் அம்மாவிடம் கேட்டேன்.

டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். அன்று இரவுப் பணி, மாலை ஏழு முதல் காலை ஏழு வரை. இரவு மூன்று மணிக்குச் சற்று முன்னால் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர், வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். வீட்டில் சோடா கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வரும்போது இமை இரண்டும் தொங்கிப்போய், நாக்கு குழறிக்கொண்டிருந்தது. கட்டுவிரியன் கடி. பல் பட்ட தடம்கூடத் தெரியாது, வீக்கம் இருக்காது, ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையும் சரியாகவே வரும். ஆனால் மூச்சுத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டிருக்கும். பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. டாக்டர் குழாய் போட்டார். வென்டிலேட்டர் காலியில்லை. ஒன்று கிடைக்கும்வரை, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை நான்தான் அழுத்திக்கொண்டிருந்தேன், ஆறு விநாடிக்கு ஒருமுறை, ஐம்பது நிமிடத்துக்கு மேல்.

அந்தப் பெண் பிழைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

நான் ஆம்பு பையை அழுத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில், முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீட்டில் அப்பா கீழே விழுந்திருந்தார். இரண்டரை மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்திருக்கிறார், அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறார். திரும்பி வரும்போது கையிலிருந்த சொம்பு நழுவி, ஆளும் சாய்ந்துவிட்டார். அம்மா எனக்குப் போன் செய்தார். என் போன் சிஸ்டர்ஸ் ரூமில், கைப்பைக்குள், சத்தமில்லாமல் கிடந்தது. ஏழு மணிக்கு, அடுத்து வந்தவர்களிடம் நோயாளிகளை ஒப்படைத்து ஓவர் கொடுத்துவிட்டுப் போய் எடுத்துப் பார்த்தேன். பதினொரு மிஸ்டு கால்.

"அப்பாவுக்குக் கை வரலம்மா. வாய் கோணிக்கிச்சு. நீ டூட்டி முடிஞ்சதும் வந்துருவேன்னு உட்கார்ந்திருக்கேன்."

108ஐ நான் அழைத்தேன். எட்டே கால் மணிக்கு அப்பாவை எங்கள் பிரிவுக்கே கொண்டுவந்தார்கள். வீட்டுக்குப் போகாமல் யூனிஃபார்மோடு நின்றிருந்த நான், அம்மாவின் முகத்தைப் பார்த்து, எந்த வீட்டு மனுஷியிடமும் கேட்கும் அதே குரலில் கேட்டேன். "கடைசியா எப்பம்மா நல்லா இருந்தாரு?" இரண்டரை என்றார். இரண்டரையோடு நாலரையைக் கூட்டினேன். ஏழு. நான் ஓவர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம்.

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. அடைப்புதான். ஊசி போடும் நேரம் கடந்துவிட்டது. அடைப்பு ஏற்பட்ட மூளையில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அந்த எண்ணை அதற்கு முன் எத்தனையோ வீட்டாரிடம் நானே சொல்லி அவசரப்படுத்தியிருக்கிறேன். அன்று அதை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது, உண்மைதான். பக்கத்து வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் அம்மாவே 108ஐ அழைத்திருப்பார். ஆனால் எங்கள் வீட்டில் நான் இருக்கிறேன். அப்பாவின் சுகர் மாத்திரை, அம்மாவின் பிரஷர், தம்பியின் டெங்கு காய்ச்சல் என்று எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். "எங்க வீட்ல நர்ஸ் இருக்கு" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. என்னைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் போடாதீர்கள் என்று நானே சொல்லி வைத்திருந்தேன். நாலரை மணி நேரம் அம்மா காத்திருந்தார் என்றால், காத்திருக்கப் பழக்கியது நான்தான். உடன் வேலை செய்கிறவர்களிடம் பேசிப் பார்த்தபிறகு, இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை என்று தெரிந்தது. டாக்டர் வீட்டிலும் நர்ஸ் வீட்டிலும் இப்படி நோயாளி தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வருவதுண்டு. வீட்டார் எங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். நாங்களோ வேறு யாருடைய வீட்டாருக்காகவோ ஓடிக்கொண்டிருக்கிறோம்.

அப்பாவை மூன்றாவது மாடி மெடிக்கல் வார்டில் சேர்த்தார்கள். கீழே நான். அந்த மாதம் இரண்டு பேர் மகப்பேறு விடுப்பில் இருந்தார்கள், ஒருவர் மாற்றலாகிப் போயிருந்தார். எனக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது. அதன்பிறகு பகல் டூட்டி போட்டுத் தந்தார்கள். அதற்குமேல் யாரைக் கேட்பது? நான் வராவிட்டால், ஏற்கனவே நான்கு பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கும் இடத்தில் அது ஒருவர் தலையில் விழும். அவளுக்கும் ஒரு வீடு இருக்கும்.

வேலைக்குள் போய்விட்டால் மற்றது மறந்துவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை. விபத்தில் கால் நசுங்கி வந்தவருக்கு ரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போடும்போது எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. தொந்தரவு வந்தது சாதாரண வேலைகளில்தான். அவசரமில்லாதவர்களை உட்காரவைக்கும் பச்சை மண்டலத்தில் காத்திருக்கும் காய்ச்சல்காரருக்கு டெம்பரேச்சர் பார்த்து எழுதும்போது, மேலே அப்பாவுக்கு மூக்குக் குழாயில் கஞ்சி கொடுத்தார்களா, படுக்கையில் திருப்பிப் போட்டார்களா என்று மனம் ஏறிப்போய்விடும்.

நான்காவது நாள். தூளாக இருக்கும் ஆன்டிபயாட்டிக் குப்பியைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் எடுத்தேன். எடுத்தேன் என்றுதான் நினைத்தேன். சிரிஞ்சில் உறிஞ்சும்போது பக்கத்தில் நின்ற ஹவுஸ் சர்ஜன் பையன் மெதுவாகச் சொன்னான். "சிஸ்டர், அது கே.சி.எல்."

பொட்டாசியம் குளோரைடு. நீர்க்கவே வைக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடும். அந்த ஆம்பியூலும் தண்ணீர் ஆம்பியூலும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்திருந்தோம். உலக சுகாதார நிறுவனம் 2007ல் நோயாளிகளின் பாதுகாப்புக்கென்று ஒன்பது வழிமுறைகளை வெளியிட்டது. அடர் பொட்டாசியம் போன்ற மருந்துகளைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதை வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். தெரியாமல் செய்த தவறு இல்லை அது. தெரிந்த கண், பார்க்காமல் இருந்த தவறு.

ஆம்பியூலைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு எடுத்துக் கரைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, அந்தப் பையனும் யாரிடமும் சொல்லவில்லை. மதியம்வரை தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டே இருந்தது. ஓவர் கொடுக்கும்போது எங்கள் சீனியர் அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டதெல்லாம் "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குன?" என்பதுதான். தூங்கவில்லை என்றேன்.

"சரி. இந்த வாரம் நீ மருந்து கலக்க வேண்டாம். என்ட்ரி பாரு, டிரெஸ்ஸிங் பாரு, ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போ. மருந்து டிராலியை நான் பாத்துக்கிறேன். பதினொரு மணிக்கு ஒரு தடவை மேல போய் அப்பாவைப் பாத்துட்டு வந்துரு. யார்கிட்டயும் கேக்க வேண்டாம்."

அன்று மாலையே கே.சி.எல். ஆம்பியூல்களை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, சிவப்பு பிளாஸ்டர் சுற்றிப் பூட்டிய அலமாரியில் வைத்தார். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் என்னையும் என் நோயாளிகளையும் காப்பாற்றியது அவர்தான். "மனசைத் தைரியமா வச்சுக்க" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். தைரியம் ஆம்பியூலின் லேபிளைப் படிக்காது. இன்னொருவருடைய கண்தான் படிக்கும்.

டாக்டர்களுக்கு இந்த வசதியும் குறைவு. எங்களோடு ஓர் இளம் டாக்டர் இருந்தார். அவருடைய குழந்தை குறைமாதத்தில் பிறந்து, வேறோர் ஊரில் இன்குபேட்டரில் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் குளத்தில் மூழ்கிய பையனைக் கொண்டுவந்தார்கள், ஐந்து வயது இருக்கும். நெஞ்சை அழுத்துகிறவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சோர்ந்தால் அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும். அவர் மாறவில்லை. "சார், நான் பண்றேன்" என்று இரண்டு முறை சொன்னேன், காதில் விழவில்லை. மூன்றாவது முறை தோளைத் தொட்டு விலக்க வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து நேரத்தைச் சொல்லி நிறுத்தினார். வெளியே போய்ப் பையனின் அப்பாவிடம் அவரே சொன்னார். முகம் கழுவிவிட்டு வந்து அடுத்த நோயாளியின் இ.சி.ஜி.யைக் கையில் எடுத்தார். அந்தத் தாள் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்குபேட்டர் விஷயம் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தால் அன்று அந்தப் பையனின் கேஸை வேறொருவர் எடுத்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வேலை பாக்க முடியாதவன்னு நினைப்பாங்கன்னு தோணுச்சு சிஸ்டர்" என்றார்.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைவராக இருந்த டாக்டர் லோர்னா பிரீன், கொரோனாவின் முதல் அலையில் தானும் நோயுற்று, மீண்டு, மறுபடி வேலைக்குப் போனவர். 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநல உதவி பெற்றது தெரிந்தால் தன் வேலைக்கே ஆபத்து என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அவர் பெயரிலேயே மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக 2022ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. நம்மிடம் அதே 2022ல் 14416 என்ற மனநல உதவி எண் வந்தது. அந்தச் சுவரொட்டியை எங்கள் வார்டு வாசலில் நானே ஒட்டினேன். நோயாளிகளுக்கு எழுதியும் கொடுக்கிறோம். அது எங்களுக்கும் உரிய எண் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அந்தப் பையன் இறந்த நாளுக்குப் பிறகு நாங்கள் சின்னதாக இரண்டு பழக்கங்களை ஆரம்பித்தோம். யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. முதலாவது, ஓர் உயிர் போனால், கையுறையைக் கழற்றுவதற்கு முன் எல்லோரும் அரை நிமிடம் அப்படியே நிற்பது. விர்ஜீனியாவில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் இப்படித் தொடங்கிவைத்ததாகப் படித்திருந்தேன். எங்கள் ஊரில் வெளியே ஐம்பது பேர் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், பல நாள் அந்த அரை நிமிடம்கூடக் கிடைக்காது. கிடைக்கிற நாளில் நிற்கிறோம்.

இரண்டாவது, ஓவர் கொடுக்கும்போது படுக்கை வாரியாக எல்லா நோயாளிகளையும் சொல்லி முடித்தபின், நம்மைப் பற்றி ஏதாவது இருந்தால் ஒரு வரி. கட்டாயமில்லை, விளக்கமும் வேண்டாம். "பொண்ணுக்குக் காய்ச்சல், போனை டேபிள்லயே வச்சுக்கிறேன்." "நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகணும், தூங்கல." "இன்னைக்கு அம்மாவுக்கு பயாப்சி ரிசல்ட் வருது." இவ்வளவுதான். கேட்டவர் அன்றைக்கு மருந்து டிராலிச் சாவியைத் தன் பக்கம் எடுத்துக்கொள்வார். ஆரம்பத்தில் பெண்கள்தான் சொன்னோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு டாக்டரும் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு.

இதனால் ஆள் பற்றாக்குறை தீர்ந்துவிடாது. லீவும் கிடைக்காது. அவற்றைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்பா ஆறு நாளில் வீட்டுக்கு வந்தார். வலது கை இன்னும் வரவில்லை. பேச்சு போனது போனதுதான், "சரி" என்ற ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதிலேயே கோபத்தையும் பாசத்தையும் பசியையும் சொல்லிவிடுகிறார். நான் டூட்டிக்குக் கிளம்பும்போது வாசல்வரை பார்த்து அதைத்தான் சொல்வார்.

எங்கள் வீட்டு நாட்காட்டி அட்டையில் மூன்று எண்களைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். முதலில் 108. அடுத்தது எங்கள் வார்டின் லேண்ட்லைன். என் எண் மூன்றாவது. போன மாதம் ஒரு நள்ளிரவில் எதிர்வீட்டுத் தாத்தாவுக்குப் பேச்சு குழறியது. அம்மா நேராக 108ஐ அழைத்திருக்கிறார். "ராத்திரி ஒன்னே காலுக்கு நல்லா பேசிட்டு இருந்தாரு, நான் பாத்தேன்" என்று நேரத்தையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு மறுநாள் காலையில், காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்.