ஆன்மிக நுண்ணறிவும் செவிலியர் திறனும்: டிசர்டேஷன் எடுப்பவர்களுக்கு

செவிலியரின் ஆன்மிக நுண்ணறிவுக்கும் அவர்களுடைய கிளினிக்கல் திறனுக்கும் (நோயாளியைக் கவனிக்கும் திறன்) தொடர்பு உண்டா என்ற தலைப்பை எம்.எஸ்சி. நர்சிங் டிசர்டேஷனுக்கு (ஆய்வேடு) எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். ஆனால் மதப்பற்றுக்கும் ஆன்மிக நுண்ணறிவுக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) முதலில் கேட்பார்கள்.

ஆன்மிக நுண்ணறிவை அளக்கப் பலரும் பயன்படுத்தும் டூல் (கேள்விப் படிவம்) ஆய்வாளர் டேவிட் கிங் 2008இல் கனடாவில் உருவாக்கியது. வாழ்க்கையின் பொருளைப் பற்றி யோசிப்பது, செய்வதில் அர்த்தம் காண்பது போன்ற நான்கு திறன்களை அது அளக்கிறது. கோயில் பக்கமே போகாத சிஸ்டரும் இதில் நல்ல மதிப்பெண் வாங்கலாம். மொத்தம் 24 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. ஆறாவது கேள்விக்கு மட்டும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும் (0 என்றால் 4, 4 என்றால் 0). டியூட்டி மாறும் நேரத்தில் படிவத்தை நீட்டினால் எல்லாவற்றுக்கும் 3 என்று டிக் அடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

சிக்கலே கிளினிக்கல் திறனை அளப்பதில்தான். அதையும் சுயமதிப்பீட்டுப் படிவத்தால் அளந்தால், தன்னைப் பற்றி உயர்வாக நினைப்பவர் இரண்டிலும் அதிகம் போட்டுக்கொள்வார். தொடர்பு தானாக வந்து நிற்கும். அதனால் செக்லிஸ்ட் வைத்து நேரில் பாருங்கள். ஃபைலோடு ஒருவர் நின்றால் யாரும் கை கழுவத்தான் செய்வார்கள், அதனால் ஆரம்பக் கவனிப்புகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மருந்து, கேனுலா (நரம்பில் ஏற்றும் குழாய்), ஹேண்ட்ஓவரோடு (அடுத்த ஷிஃப்ட்டிடம் ஒப்படைப்பது) செக்லிஸ்ட் நின்றுவிடவும் கூடாது. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஒரு அம்மா, "சிஸ்டர், எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்கிறார். ஒருவர் டிரிப்பைச் சரிசெய்துகொண்டே "ஒண்ணும் ஆகாதும்மா" என்று நகர்கிறார். இன்னொருவர் பி.பி. கருவியைக் கீழே வைத்துவிட்டு, "எதை நினைச்சும்மா பயப்படுறீங்க?" என்கிறார். நீங்கள் தேடும் தொடர்பு ஏதாவது இருந்தால் இங்கேதான் தெரியும். இதற்கென்று ஒரு பகுதியைச் சேர்த்து நிபுணர்களிடம் சரிபார்த்து வாங்குங்கள்.

அப்புறம் புள்ளியியல். இரண்டுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் r மதிப்பு 0.4 வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அதன் வர்க்கம் 0.16, திறனில் உள்ள வேறுபாட்டில் 16 சதவீதத்துக்குத்தான் ஆன்மிக நுண்ணறிவு கணக்குச் சொல்கிறது. ஒரே சமயத்தில் எடுத்த தரவை வைத்து 'ஆன்மிக நுண்ணறிவு திறனை உயர்த்துகிறது' என்று எழுதினால் எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) அங்கேயே பிடிப்பார். பணி அனுபவம் கூடக்கூட இரண்டுமே கூடியிருக்கலாமே என்பார். அனுபவத்தோடு செவிலியர் திறன் வளர்வது புதியவர் முதல் நிபுணர் வரை ஐந்து படிகள் என்று அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984இலேயே எழுதிவிட்டார் அல்லவா? ஆகவே அனுபவத்தை '5 ஆண்டுக்கு மேல்' என்று கட்டம் போட்டுக் கேட்காமல், எத்தனை ஆண்டு என்று எண்ணாகவே வாங்குங்கள். அதன் பாதிப்பைக் கழித்துவிட்டுத் தொடர்பைக் கணக்கிட அந்த எண் வேண்டும்.