சவர்டோ ஸ்டார்ட்டரும் ஃப்ரிட்ஜும்

தினமும் மாவு போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று சவர்டோ ஸ்டார்ட்டரை, அதாவது ரொட்டியை உப்பவைக்கும் புளித்த மாவுக் கலவையை, பாதியில் கைவிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாரம் ஒருமுறை ரொட்டி சுடுபவர்களுக்கு அந்தத் தினசரி வேலை தேவையே இல்லை.

ஃப்ரிட்ஜின் 4 டிகிரி குளிரில் ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் செத்துப்போவதில்லை, வேகம்தான் குறைகிறது. வாரம் ஒருமுறை 20 கிராம் பழைய ஸ்டார்ட்டர், 20 கிராம் மாவு, 20 கிராம் தண்ணீர். இவ்வளவு போதும். ஜாடி நிறைய வளர்ப்பது மாவுக்குத்தான் கேடு. கலந்ததும் ஓரிரு மணி நேரம் வெளியே இருக்கட்டும், அப்புறம் உள்ளே வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும்.

மேலே சாம்பல் நிறத் தண்ணீர் பிரிந்து நின்றால் பலர் பயந்துபோய் மொத்தத்தையும் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு மனசே கேட்பதில்லை! அது பசியின் அடையாளம், கொஞ்சம் ஆல்கஹால் கலந்த நீர், அவ்வளவுதான். வடித்துவிட்டோ கலக்கிவிட்டோ மாவு போடுங்கள், தெளிந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வந்தாலும் இதே வைத்தியம்தான். ஆனால் இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கோடுகளோ பூசணமோ தெரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். மேலாக வழித்தெடுத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

சுடுவதற்கு முந்தைய நாளே வெளியே எடுத்து ஓரிரு முறை மாவு போட வேண்டும். ஜாடியில் ரப்பர் பேண்ட் மாட்டி மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு எழும்பி, மேற்பரப்பு லேசாகக் குவிந்திருக்கும்போது எடுப்பதுதான் என் கணக்கு.

நீண்ட நாள் ஊரில் இருக்க மாட்டீர்களா? பட்டர் பேப்பரில் மெல்லிசாகத் தடவி, மொறுமொறுவென்று உலர்த்தி, நொறுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாதக்கணக்கில் தாங்கும்.