நியாங்லேபின் மாதாவுக்கு நன்றி

அம்மாவின் நேர்ச்சையைத் தீர்க்கத்தான் மியான்மரில் லூர்து மாதா திருத்தலம் இருக்கும் நியாங்லேபின் ஊருக்குப் போனோம், நானும் தங்கையும். லூர்து மாதாவுக்குப் பெரிய மெழுகுதிரி ஏற்றுவதாக அம்மா நேர்ந்திருந்தார்கள். அதற்குள் ஆண்டவர் அழைத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்ததிலிருந்து எனக்குள் ஒரு குரல். காதில் கேட்பதில்லை, நெஞ்சுக்குள் பேசும். “அம்மா கிடையில் கிடந்தபோது நீ கடையில் உட்கார்ந்திருந்தாய். ‘உன் தாய் தந்தையை மதித்து நட’ என்று படித்தவள்தானே? உன் செபம் யாருக்குக் கேட்கும்?” டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, விடிந்தால் குரலும் வந்தது. கட்டளையைச் சொல்லியே குத்தும்போது, கண்டிப்பது ஆண்டவரா வேறு யாருமா என்று எப்படித் தெரியும்?

யாங்கூனில் எங்கள் பங்குச் சாமியார் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார். கோவிலின் உச்சியில் நிறுத்திச் சாத்தான் சொன்னதும் வேதவசனம்தான். அதுவும் திருப்பாடல் 91, அம்மா தினமும் படுக்கும் முன் சொல்வது! இயேசு அவனோடு வாதாடவே இல்லை. மூன்று தடவையும் பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூலிலிருந்து ஒரு வசனம், அவ்வளவுதான். “தூய ஆவியார் குற்றத்தை உணர்த்தினா ஆண்டவர்கிட்ட ஓடத் தோணும்மா. அவன் பேசினா ஆண்டவரை விட்டே ஓடத் தோணும். உனக்கு எது தோணுதுன்னு பாரு” என்றார். உரோமையர் 8:1-ஐ எழுதியும் தந்தார். கிறிஸ்து இயேசுவோடு இணைந்திருப்பவர்களுக்குத் தண்டனைத் தீர்ப்பு கிடையாது.

பிப்ரவரித் திருவிழா, ரயிலில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! வழியில் இருக்கும் பெகு வரைக்கும் நின்றுகொண்டேதான் போனோம். மெழுகுதிரி உடையாமல் போய்ச் சேர்ந்ததே மாதாவின் கிருபை. நியாங்லேபினில் இறங்கினால் விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அதையாவது பொறுக்கலாம். ஒருவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்க மேல ஏதோ இருக்கு, தனியா செபிச்சு ஓட்டிடுறேன்” என்று காசு கேட்டான். மாதாவின் வாசலில் நின்று இதைச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ! துக்கத்தோடு வருகிறவர்களாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள். குருவிடம் போய்ப் பாவங்களைச் சொல்லி ஒப்புரவு செய்யக் காசா பணமா?

மாதா சுரூபம் இருக்கும் குகையான கெபிக்குப் போகும் வரிசையில் முன்னால் கரேன் பாட்டிமார், பின்னால் பர்மியக் குடும்பம், நடுவில் நாங்கள். அவரவர் மொழியில் செபமாலை. மாதாவின் முகம் தெரிந்த அந்த நேரத்தில்தான் குரல் மறுபடி வந்தது. “திரும்பிப் போ. உனக்கு இங்கே என்ன வேலை?”

பிரான்சின் லூர்து நகரில் மாதாவின் காட்சி பெற்ற பெர்னதெத் எனக்கு ஞாபகம் வந்தாள். 1858 பிப்ரவரி 19, நான்காம் காட்சி. ஆற்றுப் பக்கமிருந்து “ஓடு, ஓடிப்போ” என்று அந்தப் பிள்ளைக்குக் கூச்சல் கேட்டது. மாதா அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்கள், அடங்கிவிட்டது. பதினாலு வயசுப் பிள்ளை, ஓடவில்லை, முழந்தாளிலேயே இருந்தாள். அந்த மாதாதானே இங்கே நிற்பது! உரோமையர் வசனத்தை வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் தள்ளினார்கள், தள்ளட்டும். மறுபடி சொன்னேன், மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அந்தக் குரலின் பேச்சு பாதியில் நின்றுபோனது. அம்மா செத்ததிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. மெழுகுதிரியைத் தங்கைதான் ஏற்றினாள். அப்புறம் பூசையில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நன்றி நன்றி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

குரல் இப்போதும் சில ராத்திரி வரும். வசனத்தைச் சொல்வேன், போய்விடும். அலகையை, அதாவது சாத்தானை, எதிர்த்து நில்லுங்கள், ஓடிப்போகும் என்று யாக்கோபு 4:7-இல் இருப்பது அப்படியே நடக்கிறது. மாதாவே, தாயே, எங்கள் அம்மாவின் கடனை வாங்கிக்கொண்டீர், என்னையும் காப்பாற்றினீர். தங்கையின் மாமியாரும் வரும் பிப்ரவரிக்கு நேர்ந்திருக்கிறார்கள். முழங்கால் வலியோடு ரயிலில் நிற்க முடியாது அவர்களுக்கு, ஒரு இடம் மட்டும் கிடைக்கச் செய்யும் தாயே.