கொஞ்சம் ஷுக், அவ்வளவுதான்

“ஐ’ம் கிராண்ட், பெட். அ ஸ்மால் பிட் ஷுக், தட்ஸ் ஆல். டோன்ட் பி பாதரிங் த டாக்டர்.”

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், இரவு 2 மணி ரவுண்ட்ஸில் ஒரு பெரியவர் சொன்னது இதுதான், மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. சார்ட்டில் ஏறியது: வலி 0, நன்றாக இருப்பதாகச் சொல்கிறார், லேசான நடுக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலமுறை பார்த்தாயிற்று. எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்று ஆங்கிலத் தேர்வு எழுதித் தேறி வந்த எந்த நர்ஸும் அப்படித்தான் எழுதியிருப்பாள். அதனால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

பெரியவர் அயர்லாந்தின் மேற்கே மேயோ பக்கத்து விவசாயி, எண்பதைத் தாண்டியவர். இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை முடிந்து இரண்டாவது இரவு. எழுதியவள் நாகர்கோவில் பெண், வார்டுக்குப் புதிது. புதிதாக வருபவர்களுக்கு வேலை பழக்கிவிடுவது என் பொறுப்பு. பல்ஸ் 94, சிஸ்டாலிக் பிபி 108, மூச்சு, ஆக்ஸிஜன், சூடு எல்லாம் சரி. 2013-இல் அயர்லாந்து முழுக்கக் கொண்டுவந்து, பிறகு ‘இன்யூஸ்’ என்று திருத்திய, நோயாளி நிலை மோசமாவதை மதிப்பெண்ணால் காட்டுகிற எச்சரிக்கை அட்டவணைப்படி பல்ஸுக்கு 1, பிபிக்கு 1, ஆக மொத்தம் 2. நள்ளிரவில் யாரையும் எழுப்ப வேண்டிய எண் இல்லை. காலையில் மகள் வந்து கட்டிலருகே நின்றவுடனே, “ஹீ’ஸ் ஃபியர்ஸ் ஷுக் லுக்கிங். தட்ஸ் நாட் ஹிம்” என்றார். அடுத்த அரை மணியில் பெரியவருக்குத் தார் போலக் கறுப்பாக மலம் போனது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 7.6. ரத்தம் ஏற்றினார்கள், எண்டோஸ்கோபி செய்தார்கள், குடற்புண்ணை அடைத்தார்கள். தேறி வீட்டுக்குப் போய்விட்டார். யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. சார்ட் சரியாக இருந்தது என்றே எல்லாரும் சொன்னார்கள்.

சரிதான். ஆனால் அவர் பிஸோப்ரோலால் சாப்பிடுகிறவர், இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை அது. பீட்டா பிளாக்கர் உள்ளே இருக்கும்போது ரத்தம் கசிந்தாலும் பல்ஸ் வேண்டிய அளவு ஏறாது. மற்றவருக்கு 120-க்குப் போயிருக்க வேண்டியது இவருக்கு 94-இல் நின்றுவிடும். எண் அடங்கியிருக்கிற இந்த மாதிரி ஆளிடம் மீதியுள்ள ஒரே அறிகுறி அவர் வாய்ச்சொல்தான். அந்தச் சொல் ‘ஷுக்’.

‘ஷேக்’ என்பதிலிருந்து வந்த சொல், அதனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் காதில் அது ‘நடுங்குகிறது’ என்று விழும், இல்லாவிட்டால் ‘அதிர்ந்து போயிருக்கிறார்’ என்று. அயர்லாந்துக் கிராமத்தில் ஒருவரை ‘ஷுக்’ என்றால் ஆள் ஒடுங்கிவிட்டார், முகம் செத்துவிட்டது, முன்பிருந்த ஆளே இல்லை என்று பொருள். துக்க வீட்டிலிருந்து திரும்பியவர்கள் இறந்தவரின் மனைவியைப் பற்றிச் சொல்வது, மாதக்கணக்கில் பார்க்காத அண்டை வீட்டுக்காரரைச் சந்தையில் பார்த்துவிட்டு வந்து சொல்வது. பெரும்பாலும் அடுத்தவரைப் பற்றித்தான் சொல்வார்கள். ஒருவர் தன்னைப் பற்றியே, அதுவும் ‘ஸ்மால் பிட்’ என்று குறைத்துச் சொன்னால், அந்த ஊர்க்காரர் யாராக இருந்தாலும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்திருப்பார்.

‘கிராண்ட்’ பற்றி எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். இங்கே வந்த முதல் வாரமே தெரிந்துவிடும், பிரமாதம் என்று அர்த்தமில்லை, பரவாயில்லை என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. டீ வேண்டுமா என்றால் ‘ஐ’ம் கிராண்ட்’ என்பது வேண்டாம் என்பது. அதுவும் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்குச் சொல்வது, இன்னும் இரண்டு தரமாவது வற்புறுத்துவார்கள் என்ற எதிர்பார்ப்போடு. ‘கிராண்ட் ஸோ’ என்றால் பேச்சு முடிந்தது. ‘இட்’ல் பி கிராண்ட்’ என்றால் கவலைப்படாதே, சில சமயம் கவலைப்பட வேண்டிய இடத்திலும். வலி மாத்திரையை ஒருவர் ‘ஐ’ம் கிராண்ட்’ என்று மறுத்தால் அதை டீ மறுப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை, உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்கிறார். இன்னொரு தரம் கேட்க வேண்டும், வேறு மாதிரி கேட்க வேண்டும். ‘பெயின்’ என்று கேட்டால் இல்லை என்பவர், ‘ஆர் யூ ஸோர்?’ என்று கேட்டால் ஆமாம் என்பார். அதையும் ‘யெஸ்’ என்று சொல்லமாட்டார், ‘ஐ ஆம்’ என்பார். ஐரிஷ் மொழியில் ஆமாம், இல்லை என்பவற்றுக்குத் தனிச்சொல் கிடையாது, வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்கிற நமக்கு இது புதுசு இல்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நர்ஸுகள் உட்காரும் இடத்தில் யாரோ அயர்லாந்துக் கொச்சைச் சொற்களின் பட்டியல் ஒன்றை லேமினேட் செய்து ஒட்டினார்கள். கிரைக், ஜாக்ஸ், யோக், பான்ஜாக்ஸ்ட், யுவர் மேன், யுவர் வன். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சொற்களால் எந்த நோயாளிக்கும் ஆபத்து வந்ததில்லை. கேட்டவுடனே புரியாது, புரியாததால் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்டுவிடுவோம். அங்கேயே விஷயம் தீர்ந்துவிடும். ‘ஐ வில், யா’ என்று கார்க் பக்கத்து ஆள் இழுத்துச் சொன்னால் ‘நடக்காது’ என்று அர்த்தம் என்பது கூட, தலையணைக்கடியில் மாத்திரை கிடைத்த அன்றே புரிந்துவிடும். கதை கெடுவது புரிந்துவிட்டதாகத் தோன்றுகிற சொற்களில்தான்.

‘காட் சிக்’ என்றால் நோய்வாய்ப்பட்டார் என்பதல்ல, வாந்தி எடுத்தார். ‘ஷீ’ஸ் ஆஃப்டர் கெட்டிங் சிக்’ என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னால், அந்தம்மா இப்போதுதான் வாந்தி எடுத்தார் என்று பொருள். ‘ஆஃப்டர்’ என்பதைப் பிடித்துக்கொண்டு ‘உடம்பு சரியில்லாமல் போன பிறகு என்ன?’ என்று மீதி வாக்கியத்துக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உடனே போய் எவ்வளவு, என்ன நிறம், ரத்தமா, காப்பித்தூள் மாதிரியா, மாத்திரை கொடுத்து எத்தனை நிமிஷம் என்று பார்க்க வேண்டிய இடம் அது. ‘டுக் எ வீக்னெஸ்’ என்றால் பலவீனம் இல்லை, மயங்கி விழுந்தார். அதை ‘சோர்வு’ என்று எழுதிவிட்டால், இசிஜி எடுக்க வேண்டும், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிபி பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றாது. ‘மை செஸ்ட் இஸ் அட் மீ’ என்றால் நெஞ்சு தொந்தரவு பண்ணுகிறது. ‘ஷீ’ஸ் ஃபெயில்ட் எ லாட்’ என்றால் இளைத்துத் தளர்ந்துவிட்டார், எடை பார்க்க வேண்டும். ‘வெரி கான்ட்ரரி டுடே’ என்று வயதானவரைப் பற்றி வீட்டார் சொன்னால் முசுட்டுத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகக்கூடாது. நேற்றில்லாத குழப்பமாக இருக்கலாம், புதிய குழப்பத்துக்கு அந்த அட்டவணையில் தனியாகவே 3 மதிப்பெண்.

‘ஃபாண்ட் ஆஃப் எ டிராப்’ என்பதைச் சும்மா விட்டுவிட முடியாது. அவ்வப்போது கொஞ்சம் குடிப்பார் என்று மென்மையாகக் காதில் விழும். மகனோ மருமகளோ குரலைத் தாழ்த்தி இதைச் சொன்னால், மனுஷர் நிறையக் குடிக்கிறார், வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை என்று பொருள். இங்கே ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்பது 10 கிராம் ஆல்கஹால், ஒரு பைன்ட் பீரில் இரண்டு. வாரத்துக்கு ஆண்களுக்கு 17, பெண்களுக்கு 11-க்குள் என்பது இங்கத்து அரசு சுகாதாரத் துறையான எச்எஸ்இ சொல்கிற குறைந்த ஆபத்து அளவு. கேட்கும்போது ‘நிறையக் குடிப்பீர்களா?’ என்று கேட்டால் ‘தி ஆட் ஒன்’, எப்போதாவது ஒன்று, என்றுதான் பதில் வரும். நேற்று எத்தனை பைன்ட், முந்தாநாள் எத்தனை, வீட்டில் விஸ்கி உண்டா, கடைசியாக எப்போது என்று எண்ணிக் கேட்க வேண்டும். கடைசி என்பதுதான் முக்கியம். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் தொடங்கினால், வார்டே அதை அறுவைக்குப் பிந்தைய குழப்பம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

சொல்ல வேண்டியதை விட்டு எங்கோ போய்விட்டேன். அந்த இரவுக்கு வருகிறேன்.

சார்ட்டை விட எனக்கு உறுத்துவது காலை 7:45 ஹேண்ட்ஓவர், இரவு நர்ஸ் பகல் நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கிற நேரம். நானும் அங்கே நின்றிருந்தேன். ‘பேஷண்ட் ஃபீல்ஸ் வெல், ஸ்லைட்லி ஷேக்கி’ என்று அந்த நாகர்கோவில் பெண் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னாள். ஊர்க்காரச் சீனியர் நர்ஸ் தலையாட்டி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவள் அந்த மனிதர் சொன்னதை அப்படியே, உச்சரிப்பு கோணலாக இருந்தாலும், ‘ஸ்மால் பிட் ஷுக்’ என்று சொல்லியிருந்தால் அந்த சீனியரின் பேனா நின்றிருக்கும். ‘ஷேக்கி’ அவருக்கு எதையும் சொல்லவில்லை. நல்ல ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று பழக்கியது நாங்கள்தான். பேச்சுவழக்கைத் திருத்தித் தொழில்முறைச் சொல்லில் சொல் என்று வகுப்பில் சொல்வதும் நாங்கள்தான். அவள் சொன்னபடி செய்தாள்.

அதற்குப் பிறகு, நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுது, உன் விளக்கத்தை அடுத்த வரியில் எழுது என்று சொல்லிக்கொடுக்கிறேன். நோயாளி நிலையை அடுத்தவரிடம் சொல்லும் ஐஸ்பார் முறையில் ‘நிலைமை’ என்ற இடத்தில் முதலில் அவர் வார்த்தை, பிறகு எண். கூடவே எண்ணில் அடங்காத கேள்விகள்: நேற்று இந்நேரத்துக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்? திரும்பிப் படுக்க முடிகிறதா? டீயை முழுசாகக் குடித்தாரா? வீட்டார் இருந்தால், ‘இஸ் ஹீ ஹிம்செல்ஃப்?’ இந்தக் கடைசிக் கேள்விக்கு யோசித்துப் பதில் வந்தால் அந்தத் தயக்கத்தையும் எழுத வேண்டும். மதிப்பெண் 2 என்றாலும் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடலாம், விதியே அதற்கு இடம் கொடுக்கிறது.

இதையெல்லாம் சொல்லிமுடித்த அன்று அந்தப் பெண் கேட்டாள்:

“அக்கா, நான் ‘ஷுக்’னே எழுதியிருக்கேன்னு வச்சுக்குவோம். ராத்திரி டியூட்டியில இருந்த டாக்டர் லாகூர்க்காரர். அவருக்குப் புரிஞ்சிருக்குமா?”

புரிந்திருக்காது. எங்கள் ஆஸ்பத்திரியில் இரவில் ஓடியாடுகிற டாக்டர்களில் பாகிஸ்தானிலிருந்தும் சூடானிலிருந்தும் வந்தவர்களே அதிகம், நர்ஸுகளில் பாதிப்பேர் கேரளமும் பிலிப்பைன்ஸும். மேயோக்காரர் சொன்னது மேயோக்காரர் காதுக்குப் போய்ச்சேர்வதற்குள் நாலு வெளிநாட்டுக் காதுகளைத் தாண்ட வேண்டும். அப்படியே எழுதினால் நடுவிலிருப்பவர்களுக்குப் புரியாது. மாற்றி எழுதினால் கடைசியில் இருப்பவருக்கு விஷயம் போய்ச்சேராது. அன்றிரவு அவள் டாக்டரைக் கூப்பிட்டு ‘ஷுக்’ என்றிருந்தால், அவர் ‘அப்படியென்றால்?’ என்று கேட்டிருப்பார், இவளும் ‘நடுக்கம்’ என்றே சொல்லியிருப்பாள்.

அப்புறம், அந்தப் பெரியவர் ‘டோன்ட் பி பாதரிங் த டாக்டர்’ என்றதும் இருக்கிறது. கேட்காமலே டாக்டர் பேச்சை எடுத்தவர் அவர்தான். டாக்டர் வேண்டாம் என்று ஒருவர் தானாகச் சொல்கிறார் என்றால் அவர் மனதில் டாக்டர் வந்துபோய்விட்டார் என்றுதானே அர்த்தம்? இதைப் புரிந்துகொள்ள அயர்லாந்து வழக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. நம் ஊர்த் தாத்தாக்களும் ‘ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேண்டாம்’ என்று அந்த நேரத்தில்தான் சொல்வார்கள். அப்படியானால் நான் இவ்வளவு நேரம் சொற்களைப் பற்றிப் பேசியதெல்லாம் தப்பான இடத்தில் தேடியதா என்றும் ஒரு சந்தேகம் வருகிறது. இரவு 2 மணிக்கு 28 கட்டிலுக்கு நடுவில் நின்றுகொண்டு அதை யார் கேட்டிருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

புதிதாக வருபவர்களுக்குப் பட்டியல் இன்னும் கொடுக்கிறேன். லேமினேட் செய்ததை அல்ல, நானே கையால் எழுதியதை. அதில் கிரைக்கும் ஜாக்ஸும் கிடையாது. சிக், வீக், ஸோர், ஃபெயில்ட், கான்ட்ரரி, கிராண்ட், ஷுக். எல்லாம் தெரிந்த சொற்கள்தானே அக்கா என்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.